இடர் வேளையில் உதவி நாடப் பழக்குதல்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி அந்தமான், நிக்கோபார் தீவுகளை ஆழிப்பேரலை தாக்கியபின், பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநலக் கழகத்து மருத்துவர்கள் அங்கு சென்று பணியாற்றினர். ஆசிரியர்களுக்கும் சமூக ஊழியர்களுக்கும் பயிற்சி அளித்தனர். துயருற்றவரை முதலில் காண்போர் இவர்களே அல்லரோ?

ஆயினும், துயரை எல்லோரும் ஒரே விதமாக வெளிக்காட்டுவதில்லை. ஆட்டிசம் உள்ளவர் பலருக்குத் தம் மனநிலை இன்னதெனப் பிரித்தறிந்து சொல்வது அரிது. முகத்தில் சலனமின்றியே கடும் வேதனையில் இருக்கக்கூடும். நெருக்கடி முற்றும்போது பேச்சே நின்றுவிடுவதும் உண்டு. 2014இல் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்றில், வயது வந்தபின் ஆஸ்பெர்ஜர் நிலை கண்டறியப்பட்ட 374 பேரில் 66 சதவீதத்தினர் தமக்குத் தற்கொலை எண்ணம் தோன்றியதுண்டு என்றனர்.

"கஷ்டம் வந்தால் சொல்" என்னும் அறிவுரை இவர்களுக்குப் போதாது. எது கஷ்டம், யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன நடக்கும் என்ற மூன்றும் அதில் இல்லை. ஆகவே, அடையாளங்களைத் தெளிவாக எழுதித் தருக: "இரண்டு இரவுகள் தூங்கவில்லை, சாப்பிட முடியவில்லை, என்னைக் காயப்படுத்திக்கொண்டேன், சாகவேண்டும் என்று தோன்றுகிறது." இவற்றுள் ஒன்று நேர்ந்தாலும் உதவி கேட்கலாம் என்பதே விதி.

2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம். முதலில் பதிவு செய்த குரல் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், தமிழும் உண்டு. காத்திருக்க நேரலாம். பின்னர் பயிற்சி பெற்ற ஆலோசகர் கேள்விகள் கேட்பார். தேவையானால் மனநல மருத்துவரின் உதவிக்கு வழிசெய்வார். இவ்வரிசையைப் படமாக வரைந்து, ஆசிரியரே ஆலோசகராக நடித்து, அமைதியான நாளில் ஒத்திகை நடத்துதல் நன்று. முதல் வாக்கியங்களையும் அட்டையில் எழுதலாம்: "எனக்கு ஆட்டிசம் உண்டு. மெதுவாகப் பேசுங்கள். ஒரு சமயத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்." பேச்சு நின்றுவிட்டால் அட்டையைக் காட்டுவதே போதும், நம்பிக்கைக்குரியவர் அவருக்காக அழைக்கலாம்.

ஐயம் எழுந்தால், "சாகவேண்டும் என்று எண்ணுகிறாயா?" என நேராகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. "ஆம்" என்றால் தனியே விடாதீர்கள். மருந்துகளையும் பூச்சிக்கொல்லியையும் அகற்றுங்கள். உடனடி ஆபத்தெனில் 112ஐ அழையுங்கள்.

வெளித்தீவினர் ஸ்ரீ விஜயபுரத்திலுள்ள ஜி. பி. பந்த் ஆஸ்பத்திரியை அடையக் கடல் கடக்க வேண்டும். தொலைபேசி இணைப்பும் சில வேளை தடைப்படும். ஆதலின், அட்டையில் எண்ணுக்கு மேலே, அதே தீவிலுள்ள சுகாதார ஊழியர் ஒருவரின் பெயரும் இருப்பிடமும் எழுதப்பட்டிருத்தல் அவசியம்.