சந்திரகிரி ராஜமகால் கற்றுத்தந்த பாடம்

திருப்பதிக்கு வரும் நம்மவர்கள் பெருமாளைச் சேவித்த கையோடு ரயிலேறி விடுகிறார்கள். அருகிலுள்ள சந்திரகிரிக் கோட்டைக்கு ஒரு நடை வந்து போவோர் குறைவு.

விஜயநகர மன்னர்களின் பிற்காலத் தலைநகரங்களுள் ஒன்று அது. 1639-இல் சென்னைக் கோட்டைக்கு நிலம் கொடுத்த அரசும் அதுவே. பின்னர் கோல்கொண்டாவிடமும், 1782-இல் ஹைதர் அலியிடமும் கோட்டை வீழ்ந்தது. அரண்மனை கவனிப்பாரற்றுப் பாழடைந்தது. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைப் புதுப்பித்த ராபர்ட் சிஷோம், 1883-இல் இதைப்பற்றிக் கட்டுரை எழுதினார். இன்று தொல்லியல் துறையின் பராமரிப்பில் ராஜமகால் அருங்காட்சியகமாக நிற்கிறது.

மூன்று அடுக்கு, கல், செங்கல், சுண்ணாம்புக் காரை மட்டுமே. மரமே கிடையாது. பாரத்தை வளைவுகளே தாங்குகின்றன. ரயில்வேயில் பழைய பாலங்களைப் பராமரித்தவன் என்பதால் அதைப் பார்த்து வியந்து நின்றேன், வெட்கமும் பட்டேன்.

காரணம், கிராமத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீடு. சுவரில் ஈரம் என்று நானே சிமெண்ட் பூசச் சொன்னேன். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும். சில ஆண்டுகளில் செங்கல் மாவாய் உதிர்ந்தது. ஓர் அறையே போயிற்று. படித்த படிப்பு கைகொடுக்கவில்லை. வயதான கொத்தனார் ஒருவர்தான் சிமெண்டைக் கொத்தி எடுத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பு குழைத்துப் பூசி, மிச்ச வீட்டைக் காப்பாற்றினார்.

ஊரில் உங்கள் வீடும் பூட்டிக் கிடக்கிறதா? இடிக்கவோ சிமெண்ட் பூசவோ முடிவெடுக்கும் முன், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். அத்தகையோர் அருகி வருகிறார்கள்.