வழக்கு ஒன்று, விசாரணை மூன்று

சில வருஷங்களுக்கு முன் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு போன் வந்தது. நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மனைவி பேசினார். "அண்ணா, நாளைக்கு கோர்ட்டுல ஜாமீனுக்கு ஆள் வேணுமாம், நீங்க வர முடியுமா?" அன்பர் டாக்டர். சிகிச்சைக்கு வந்த பெண் ஒருவர், பரிசோதனை என்ற பெயரில் தகாத முறையில் தொட்டார் என்று போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். நான் பாத்திரக் கடைக்காரன். கடை வாடகைத் தகராறு தவிர வேறு எதற்கும் கோர்ட்டுப் படி ஏறியதில்லை. போய்க் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகுதான் சட்டப் புத்தகங்களைப் புரட்டும் பழக்கம் வந்தது.

அவர் செய்தாரா, செய்யவில்லையா என்பது எனக்குத் தெரியாது. அதை இங்கே ஆராயப் போவதும் இல்லை. டாக்டர், வக்கீல், ஆடிட்டர், வாத்தியார் என்று நம் குடும்பங்களில் பலர் இருக்கிறார்கள். சொந்த ஊரை விட்டு வந்த நமக்குப் பட்டமும் பதிவு எண்ணும்தான் நிலபுலன். அப்படிப்பட்டவர் மேல் பாலியல் புகார் வந்தால் சட்டம் எப்படி நகரும், தற்காத்துக்கொள்ள எங்கே இடம் உண்டு, எங்கே இல்லை என்று நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இது ஒரு வழக்கு அல்ல, மூன்று விசாரணை. போலீசும் குற்றவியல் கோர்ட்டும் ஒரு பக்கம். உரிமம் கொடுத்த கவுன்சில் இன்னொரு பக்கம். வேலை பார்க்கும் இடத்தில் உடன் வேலை செய்யும் பெண்ணோ, அங்கே வந்துபோகும் பெண்ணோ புகார் கொடுத்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைத்த உள் குழு மூன்றாவது. மூன்றுக்கும் விதிகள் வேறு. மெடிக்கல் கவுன்சில் முன் வக்கீலை வைத்துப் பேசலாம். உள் குழுவிலோ வக்கீலுக்கு இடமே இல்லை, இரண்டு தரப்புக்கும் அப்படித்தான். கோர்ட்டில் ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபணமாக வேண்டும். மற்ற இரண்டு இடத்திலும் எது நடந்திருக்க அதிக சாத்தியம் என்று பார்த்தாலே போதும்.

இதில் சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஒரு இடத்தில் காப்பாற்றும் வார்த்தை இன்னொரு இடத்தில் கழுத்தை அறுக்கும். உதாரணமாக ஒரு டாக்டர் கோர்ட்டில், "இருவரும் சம்மதித்துப் பழகினோம்" என்று வாதாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பலாத்காரக் குற்றச்சாட்டுக்கு அது பதிலாகலாம். ஆனால் 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளைப் பாருங்கள். தொழில் நிலையைப் பயன்படுத்தி நோயாளியுடன் முறையற்ற தொடர்பு வைத்திருந்தாலே நடவடிக்கை எடுக்கலாம். சம்மதம் அங்கே விடுதலை தராது. அதே வாக்கியம் கவுன்சில் முன் தானாகக் கொடுத்த வாக்குமூலம் ஆகிவிடுகிறது. கோர்ட்டிலும் அந்த வாதம் முழுக்கப் பாதுகாப்பு இல்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 68ஆம் பிரிவு உண்டு. அதிகாரத்தையோ நம்பிக்கை உறவையோ பயன்படுத்தி இணங்க வைத்தால், அது பலாத்காரம் ஆகாவிட்டாலும் 5 முதல் 10 வருஷம் சிறை. மருத்துவமனை ஊழியர் அந்த மருத்துவமனைப் பெண்ணைப் பலாத்காரம் செய்தார் என்ற வழக்கிலோ, உறவு நடந்தது நிரூபணமாகி, பெண் சம்மதிக்கவில்லை என்று சொன்னால், சம்மதம் இல்லை என்றே கோர்ட் அனுமானிக்கும். புகார் கொடுத்தவர் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் சம்மதம் என்ற பேச்சே இல்லை. போக்சோ சட்டத்தின் 29ஆம் பிரிவு, அதில் சொல்லிய குற்றங்களில், நிரூபிக்கும் சுமையையே எதிரியின் தலைக்கு மாற்றுகிறது.

ஆகவே நிர்வாகம் "விளக்கம் கொடு" என்று கேட்ட அன்றைக்கே நாலு பக்கம் எழுதிக் கொடுப்பது பெரிய தவறு. குற்றவியல் வக்கீல் பார்க்காமல் ஒரு வரி போகக் கூடாது. நம் அன்பர் ஐந்து பக்கம் கொடுத்திருந்தார்!

டாக்டர்கள் பலருக்கு இன்னொரு தப்பெண்ணமும் உண்டு. வேறொரு டாக்டரின் கருத்தைக் கேட்காமல் போலீஸ் தங்கள் மேல் கை வைக்க முடியாது என்பார்கள். 2005இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது சிகிச்சையில் கவனக்குறைவு என்ற புகாருக்கு. பாலியல் புகாருக்கு அந்தக் குடை கிடையாது.

"கோர்ட்டில் விடுதலையானால் வேலை தானாகத் திரும்புமா?" என்று கேட்பார்கள். இதற்கு நம்மவர் நிறைய வாழ்ந்த கோலார் தங்கவயலிலிருந்து ஒரு வழக்கு. அது பாலியல் குற்றம் அல்ல, தங்கம் சம்பந்தப்பட்டது. சுரங்கக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வீட்டில் போலீஸ் சோதனை நடந்தது. கோர்ட் வழக்கு முடியும்வரை இலாகா விசாரணையை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டார். நிறுத்தவில்லை. பிழைப்புப் படியும் கொடுக்காததால் விசாரணைக்குப் போக முடியாமல், அவர் இல்லாமலே நடத்தி வேலைநீக்கம் செய்தார்கள். பிறகு கோர்ட் விடுதலை செய்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அவரை வேலையில் சேர்க்கச் சொன்னது. இரண்டு இடத்திலும் அதே சம்பவம், அதே சாட்சிகள் என்பது முக்கியமான காரணம். ஆனால் அதே தீர்ப்பு, இரண்டு விசாரணையும் ஒரே சமயத்தில் நடக்கத் தடையில்லை என்றும் சொல்கிறது. குற்றச்சாட்டு கனமானதாகவும் சட்டச் சிக்கல் நிறைந்ததாகவும் இருந்தால்தான் நிறுத்தி வைப்பது நல்லது. "வழக்கு முடியட்டும்" என்று கவுன்சில் நோட்டீசை அலமாரியில் போட்டு வைத்தால் ஒருதலையாகவே முடிவெடுத்துவிடுவார்கள்.

வக்கீல்களுக்குப் பார் கவுன்சில், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு. ஆடிட்டர்களுக்கு அவர்கள் இன்ஸ்டிடியூட். பாதை ஏறக்குறைய இதேதான், மேல்முறையீட்டுப் படிகள்தான் வேறு.

இனி நாங்கள் செய்த பிசகைச் சொல்லியாக வேண்டும். வழக்கு வந்த வாரம் சங்கப் பெரியவர்கள் நாலு பேர் கூடி, அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ப் பேசி முடித்துவிடலாம் என்றோம். நானும் ஒருவன். நம் ஊர்ப் பழக்கம் அப்படி. வக்கீல் அம்மா கேட்டதும் கொதித்துப்போனார். "நீங்க வாசல்படி மிதிச்சா அது சாட்சியை மிரட்டின கேஸ். இருக்கிற ஜாமீனும் போயிடும்" என்றார். ராஜஸ்தானில் ஒரு பள்ளி ஆசிரியர் மேல் மாணவி சம்பந்தமாகப் போக்சோ வழக்கு. சிறுமியின் தகப்பனாரோடு சமரசம் என்று சொல்லி உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தையே தள்ளி, விசாரணை நடக்கட்டும் என்றது. இதெல்லாம் இரண்டு குடும்பம் மட்டும் கூடித் தீர்க்கிற விஷயமில்லை.

இன்னொருவர், "அந்தப் பொண்ணு எப்படிப்பட்டவள்னு விசாரிங்க" என்றார். சம்மதம் பற்றிய கேள்வியில் பெண்ணின் முந்தைய நடத்தைக்கு இடமில்லை என்று 2013இலேயே சாட்சியச் சட்டத்தில் சேர்த்தாகிவிட்டது. அவர் சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால் அது ஒன்றே போதும், வேறு சாட்சி தேடவேண்டியதில்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. பலாத்கார வழக்கில் பெண்ணின் பெயரை வெளியே பரப்பினால் பரப்பியவருக்கே இரண்டு வருஷம் வரை சிறை.

பிறகு தற்காப்பு எதில் இருக்கிறது? பெரும்பாலும் சாதாரணக் காகிதத்தில். எத்தனை மணிக்கு நோயாளி உள்ளே வந்தார், என்ன பரிசோதனை, ஏன் தேவைப்பட்டது, முன்கூட்டி விளக்கிச் சொன்னாரா, உடன் பெண் உதவியாளர் யார். இவை அன்றன்றைக்கே கேஸ் ஷீட்டில் ஏறியிருக்க வேண்டும். புகார் வந்தபின் ஒரு எழுத்துகூடச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பொய் ஆவணம் என்று இன்னொரு வழக்கு. வராந்தா கேமரா பதிவு பல இடங்களில் சில வாரத்தில் தானாக அழிந்துவிடும். அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி அன்றே எழுத்தில் கேட்க வேண்டும். போனில் உள்ள செய்திகளை அழிக்கக் கூடாது, பாதகமாக இருந்தாலும். கைதுக்கு முன்னாலேயே முன்ஜாமீன் கேட்கலாம். ஆனால் பதினாறு வயதுக்குக் குறைந்த சிறுமியைப் பலாத்காரம் செய்ததாக வழக்கென்றால் அந்தக் கதவும் மூடியிருக்கும்.

நம் அன்பரின் வழக்கில் கேஸ் ஷீட் ஒழுங்காகவே இருந்தது. உதவியாளர் பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. ஏன் காலி என்று எதிர்த்தரப்பு கேட்டபோது, அன்று நர்ஸ் லீவு என்றார். வருகைப் பதிவேட்டை வரவழைக்க கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது. ஜாமீன் பத்திரத்தின் நகல் என் கல்லாப் பெட்டியில் இருக்கிறது. அடுத்த வாய்தா வருகிற மாதம்.