எட்டரை மணி நேரம், பதினைந்து ஆம்பியர்

2022 செப்டம்பரில் டாடா டியாகோ மின்சாரக் கார் 8.49 லட்சம் ரூபாய் அறிமுக விலையில் வந்தது. அதில் 24 யூனிட் பிடிக்கும் பேட்டரி கொண்ட ரகமும் உண்டு. வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் அந்தப் பேட்டரி நிரம்ப எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ராயகிரி, தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டத்துப் பேரூராட்சி. இதுபோன்ற ஊரில் கார் வாங்குபவர் சார்ஜ் போடும் இடம் பெரும்பாலும் வீட்டு வாசல்தான். மத்திய மின் அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் வீட்டில் சார்ஜ் போடுவதை அனுமதித்தது.

வெந்நீர் ஹீட்டரும் கார் இழுக்கும் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். ஆனால் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். கார் இரவு முழுவதும் இழுக்கும். பிளக் துளை தளர்ந்து, தொடுமிடத்தில் மின்தடை 0.1 ஓம் ஆனால், 14 ஆம்பியரில் அங்கே 20 வாட் சூடு உண்டாகும். ஒரு சிறிய ஈயப்பற்றுக்கோலின் சூடு அது. சூட்டில் பித்தளை கறுக்கும், தடை கூடும். அரை ஓம் ஆனால் 98 வாட். வீட்டு ஒயரின் பிளாஸ்டிக் உறை தாங்குவது 70 டிகிரி.

எம்சிபி, அதாவது மின்னோட்டம் மிகும்போது இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச், இதை நிறுத்தாது. மின்னோட்டம் மிகவில்லை; அதே 14 ஆம்பியர்தான் ஓடுகிறது. விளக்குக்கு இழுத்த 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் பெரிய பிளக்கை மாட்டிய வீடுகளில் சூடு சுவருக்குள்ளும் ஏறும்.

2022 மார்ச் 25 இரவு வேலூர் அல்லாபுரத்தில், புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டர் வீட்டில் சார்ஜில் இருந்தபோது தீப்பிடித்தது. தந்தையும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். காரும் ஸ்கூட்டரும் வேறு. சார்ஜ் போடும் நேரம் ஒன்றே: வீடு உறங்கும் நேரம்.

செலவு கண்ணுக்குத் தெரியும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதக் கணக்கில் சுமார் 300 யூனிட் கூடும். ஏற்கெனவே 300 எரிக்கும் வீடு 500-ஐத் தாண்டி, விலை கூடிய அடுக்குக்குப் போகும். அதை மீட்டர் காட்டும். பிளக்கின் சூட்டை அது காட்டாது. சார்ஜ் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பவர்களும் குறைவு.

எர்த் இன்னும் மோசம். கோடையில் மண் காய்ந்தால் எர்த் குழியின் தடை ஏறும். எர்த் சரியில்லை என்றால் கார் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். அதை ஏமாற்றப் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடும் வழக்கம் உண்டு. விளக்கு பச்சையாகும். கார் சார்ஜ் ஏறும். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காது.

பிறகு ஒரு காற்றில் கம்பத்தில் நியூட்ரல் ஒயர் அறும். வீட்டுக்குள் ஸ்விட்ச் போட்டிருக்கும் மின்விசிறி வழியாக 230 வோல்ட் நியூட்ரலுக்கு வரும். அந்தத் துண்டு ஒயர் வழியாகக் காரின் தகடு முழுவதற்கும் போகும். டயர் ரப்பர் என்பதால் மின்சாரம் தரைக்கு இறங்காது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற கருவி அந்த வீட்டில் இல்லையென்றால், எதுவும் இணைப்பைத் துண்டிக்காது. மின்விசிறி நின்றுபோயிருக்கும். கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, வீட்டில் யாரோ ஒருவர் வெறுங்காலுடன் ஈர வாசலில் இறங்கிப் பிளக்கை உருவக் காரின் பக்கம் போவார்.