நூற்றுக்கு நூறு

கோல் மார்க்கெட்டைச் சூழ்ந்து வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவரும் நாள் மகிழ்ச்சியும் கலக்கமும் ஒருங்கே தந்து வந்தது. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் பயின்று 96 விழுக்காடு பெற்றவரும் தம்மைத் தோற்றவராகவே கருத நேர்ந்தது. டில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் வகுத்த ‘கட்-ஆஃப்’ என்னும் எல்லையே அதற்குக் காரணம். 2011-இல் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, பள்ளியில் வணிகவியல் பயிலாதோரிடம் 100 விழுக்காடு கேட்டது. 2021-இல் இந்து, ஹன்ஸ்ராஜ் கல்லூரிகளிலும் சில பாடங்களுக்கு அவ்வெல்லையே நின்றது.

இவ்வெண்ணைக் கல்லூரியின் சிறப்புக்கு அளவுகோலாக நாம் கொண்டோம். உண்மை வேறு. எல்லையை எட்டிக் குறித்த நாளுக்குள் வந்தோர் அனைவரையும் கல்லூரி சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 50 இடங்களுக்கு 200 பேர் வந்தாலும் மறுக்க இயலாது. அவ்வச்சத்தால் முதற்பட்டியலில் எல்லையை உயர்த்தி வைத்து, இடம் எஞ்சினால் பின்னர்க் குறைத்தனர். காவலுக்கு இட்ட வேலி நாளடைவில் கோபுரமாயிற்று! செய்தித்தாள்களும் முதற்பட்டியலையே கொட்டை எழுத்தில் அச்சிட்டன. பின்வந்த பட்டியல்களை யார் படித்தார்?

2022 முதல் பொது நுழைவுத் தேர்வே இடத்தை முடிவு செய்கிறது. தமிழ் உட்பட 13 மொழிகளில் அதனை எழுதலாம். கல்லூரிகளின் போட்டி ஓயவில்லை. எண் மட்டுமே மாறியுள்ளது. பெற்றோர் இப்போது கருதவேண்டியது விருப்பப் பட்டியலின் வரிசையை. எட்டாதெனத் தோன்றும் கல்லூரியை முதலில் குறிப்பதால், கீழே குறித்த இடத்திற்குக் கேடில்லை. ஆனால் ஒதுக்கப்பெற்ற இடத்தைக் கெடுவிற்குள் ஏற்காதவருக்கு அடுத்த சுற்றில் வாய்ப்பில்லை. ஏற்றுக்கொண்ட பின்னரே மேல் விருப்பத்திற்குக் காத்திருக்கலாம்.