கேளாச் செவியும் காவலர் ஆணையும்

“நில்” என்று காவலர் ஆணையிடுகிறார். முன்னே செல்பவர் நில்லாது நடக்கிறார். இதனை ஆணை மீறல் எனக் கொள்வது எளிது. ஆயின் நடப்பவர் செவிப்புலன் அற்றவராயின், அங்கே மீறல் என்பதே இல்லை; ஆணை அவரைச் சென்றடையவில்லை என்பதே உண்மை. இவ்வேறுபாட்டை உணராமையின் விலை சில வேளைகளில் ஓர் உயிராகிவிடுகிறது.

அமெரிக்க நாட்டின் ஒக்லஹோமா நகரில் 2017 செப்டம்பர் 19 அன்று, வாகன விபத்தொன்றை விசாரிக்கச் சென்ற காவலர், ஒரு வீட்டின் முன் உலோகக் குழாயுடன் நின்ற 35 வயதினரை, அதனைக் கீழே போடுமாறு பணித்தனர். அவருக்குக் காது கேளாது என அண்டை வீட்டார் உரக்கக் கூவினர். எனினும் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்விபத்தில் அவருக்குப் பங்கேதும் இல்லை.

நம் நாட்டுச் சட்டம் யாது கூறுகிறது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு, கைது செய்யப்படுபவர் வலிந்து எதிர்த்தாலோ தப்ப முயன்றாலோதான் தேவையான வழிகளைக் கையாள இடமளிக்கிறது. தப்பிச் செல்வதைத் தடுக்கத் தேவையான அளவிற்கு மேல் கட்டுப்படுத்தலாகாது என்கிறது 46ஆம் பிரிவு. கேளாமை எதிர்ப்புமன்று, தப்ப முயல்வதுமன்று.

கைவிலங்கைப் பற்றியும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தவிர்க்கவியலாத நிலையிலன்றி அதனைப் பூட்டலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. புதிய சட்டம் சில கடுங்குற்றங்களுக்கு அதனை அனுமதிக்கிறது. சைகை மொழியினர்க்குக் கையே நா. கைகளைப் பின்னே பிணைப்பது அவர்தம் வாயைக் கட்டுவதை ஒக்கும். பேசுவதற்காக உயர்த்திய கையைத் தாக்க ஓங்கிய கையெனப் பிறழ உணர்வதும் உண்டு.

இதற்குத் தீர்வு பயிற்சியே. இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, காவலர்க்கு உரிய பயிற்சியை வலியுறுத்துகிறது. முகத்திற்கு நேரே நின்று கையசைத்தல், வெளிச்சத்தில் பேசுதல், எழுதிக் காட்டுதல், மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தல் ஆகியன அரிய செயல்கள் அல்ல.

களம்பூர் போன்ற ஊரின் நெசவுத் தெருவில் காது கேளாதவர் யாரென்பதை அண்டை அயலார் அறிவர். புதிதாய் மாற்றலாகி வந்த காவலர் அறியார். ஆபத்து வேளையில் கூவுவதைக் காட்டிலும், முன்னரே அறிமுகம் செய்துவைத்தல் நன்று. அக்குடும்பத்தாரின் இசைவுடன் அப்பணியை ஊர்ப் பெரியோர் மேற்கொள்ளலாம். மாணவர் சைகை மொழி பயிலலாம். கேளாதவர்க்காகக் கேட்க வேண்டியவர் நாமே.