கால் மரத்துப் போகுதா? 'வலிக்கலையே'ன்னு விட்டுடாதீங்க!

திண்டுக்கல்:

தைப்பூசத்துக்கு பழனிக்கு பாதயாத்திரை போகும் பக்தர்களில் பலர் செருப்பு போடாமல் நடக்கிறார்கள். திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு சுமார் 60 கிலோ மீட்டர் தூரம். வழியில் முள் குத்தும், தார் ரோடு சுடும். நல்ல கால் என்றால் உடனே 'சுரீர்' என்று வலிக்கும். மரத்துப்போன காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. சர்க்கரை நோயாளிகள் வெறும் காலில் நடக்கவே கூடாது என்று டாக்டர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

எது சாதாரணம்?

சம்மணம் போட்டு சாப்பிட்டு எழுந்ததும் கால் மரத்துப்போவது எல்லோருக்கும் வருவதுதான். நரம்பு அழுந்துவதால் இப்படி ஆகிறது. காலை உதறி நாலு அடி நடந்தால் சரியாகிவிடும்.

எது ஆபத்து?

சும்மா இருக்கும்போதே இரண்டு கால் விரல்களிலும் மரமரப்பு, ராத்திரியில் எரிச்சல், பஞ்சு மேல் நடப்பது போன்ற உணர்வு, செருப்பு கழன்றதுகூட தெரியாமல் நடப்பது, இவை நரம்பு பாதிப்பின் அறிகுறிகள். இதற்கு முக்கிய காரணம் சர்க்கரை நோய். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வுப்படி, நாட்டில் 10 கோடி பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது.

பாதத்துக்கு போவது உடம்பிலேயே நீளமான நரம்பு. அதனால் பாதிப்பும் அங்கேதான் முதலில் தெரிகிறது. வலி தெரியாததால் சின்ன காயம்கூட புண்ணாகி, சீழ் பிடித்து, கடைசியில் விரலையோ காலையோ எடுக்கும் நிலை வந்துவிடுகிறது.

வேறு காரணங்கள்

வைட்டமின் பி12 குறைவு, குடிப்பழக்கம், இடுப்பு எலும்பில் நரம்பு அழுந்துவது ஆகியவற்றாலும் கால் மரத்துப்போகும். 'மெட்பார்மின்' மாத்திரையை பல வருஷம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். அதற்காக மாத்திரையை தானாக நிறுத்தக்கூடாது. தோலில் வெளுத்த அல்லது சிவந்த தேமல் வந்து அந்த இடத்தில் உணர்ச்சி இல்லாமல் இருந்தால் தொழுநோயாக இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் இதற்கு இலவச மருந்து உண்டு, முழுசாக குணமாகும்.

உடனே ஓட வேண்டியது எப்போது?

* திடீரென ஒரு பக்க கை, கால் மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் அது பக்கவாதம். உடனே 108-க்கு போன் செய்யுங்கள். ரத்தக்கட்டியை கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

* இடுப்பு வலியோடு தொடை இடுக்கு மரத்து, சிறுநீர் வராமல் நின்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

* கால் ஜில்லென்று வெளிறி, கடுமையாக வலித்தால் ரத்த ஓட்டம் அடைபட்டிருக்கலாம். ஒரு மணி நேரம்கூட தாமதிக்கக்கூடாது.

* பாதத்தில் புண், வீக்கம், கருப்பு நிறம் தெரிந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது

தினமும் ராத்திரி பாதத்தை பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியை கீழே வைத்து பார்க்கலாம், வீட்டில் உள்ளவர்களை பார்க்கச் சொல்லலாம். செருப்பை உதறி, உள்ளே கையை விட்டு ஆணி, கல் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், வெந்து போனாலும் தெரியாது. கால் ஆணியை பிளேடால் வெட்டக்கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை பரிசோதனை இலவசம். போகும்போது "கால் மரத்துப் போகுது" என்று வாய் திறந்து சொல்லுங்கள். ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தை தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். சில நிமிடத்தில் முடிந்துவிடும், வலியும் இருக்காது.