விலகிய வீரரும் விடுபட்ட பெயர்களும்

திருகோணமலை நகருக்கு வடக்கே உப்புவெளியில் உள்ள யுத்த மயானத்தை நம் பழைய மாணவரிற் பலர் கண்டிருப்பர். வரிசை தவறாது நிற்கும் அக்கற்களிலே பெயரும் படையும் இறந்த நாளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதனைப் பேணிவரும் ஆணைக்குழு, முதலாம் உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருந்த 1917 ஆம் ஆண்டிலே அரச சாசனம் ஒன்றினால் நிறுவப்பெற்றது. பதவியில் உயர்ந்தார் தாழ்ந்தார், செல்வர் வறியர் என்ற பேதமின்றி இறந்தார் ஒவ்வொருவரையும் பெயர் சுட்டி நினைவுகூரல் வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. கொள்கை உயர்ந்ததே. ஆயினும், யுத்தத்தில் இறந்தவன் எனப்படுவான் யாவன் என்ற வினாவுக்கு விடை கூறுதல் எளிதன்று.

போர்க்களத்தில் வீழ்ந்தவனைப் பற்றி ஐயமில்லை. நச்சுப்புகையினால் நுரையீரல் கெட்டோ, போர் அகழியின் ஈரத்திற் கிடந்து சயரோகம் பற்றியோ, இனிச் சேவைக்கு உதவான் என்று விலக்கப்பட்டு வீடு சேர்ந்து, சில மாதங்களின் பின் தன் தாயின் கண்முன்னே மடிந்தவன் நிலை யாது? இறந்தபொழுது அவன் படைவீரன் அல்லன். ஆதலின் படையின் இறப்புப் பட்டியலில் அவன் பெயர் ஏறவில்லை. ஊரின் மரணப் பதிவிலோ அவன் ஒரு கூலியாள், அல்லது ஒரு வண்டியோட்டி, அவ்வளவே. இரண்டு கணக்குகளுக்கும் இடையில் அவன் விழுந்துபோகின்றான். இவ்வாறு விடுபட்ட அயர்லாந்து நாட்டு வீரரைத் தேடிக் காணும் முறையினையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதலில் ஆணைக்குழுவின் விதியை அறிதல் வேண்டும். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையுள்ள காலத்தில், சேவையில் இருக்கையில் எக்காரணத்தால் இறந்தாரும் அதன் பட்டியலிற் சேர்வர். சேவையினின்று விலகிய பின் இறந்தவர் சேர்வதாயின், இறப்பு அக்காலத்துள் நிகழ்ந்திருத்தல் வேண்டும். அதற்குக் காரணமான காயமோ நோயோ சேவையினால் உண்டானது, அன்றேல் சேவையினால் முற்றியது என்று நாட்டப்படுதலும் வேண்டும். பீரங்கிகள் 1918 நவம்பரில் ஓய்ந்தனவாயினும், சட்டப்படி யுத்தம் முடிந்த நாள் 1921 ஆகஸ்ட் 31 ஆதலின் அந்நாளே எல்லையாயிற்று. அன்று இறந்தவன் உள்ளே. மறுநாள் இறந்தவன் வெளியே.

அக்காலத்தில் அயர்லாந்து முழுவதும் பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்தது. ஏறக்குறைய 200,000 ஐரிஷ்காரர் பிரித்தானியப் படைகளிற் சேவை புரிந்தனர். அவருள் இறந்தார் தொகை 35,000 அளவினது என்று வரலாற்றாசிரியர் பலர் கணிப்பர். 1923 இல் டப்ளினில் எட்டுப் பாகங்களாக வெளிவந்த நினைவேட்டிலே 49,000 க்கு மேற்பட்ட பெயர்கள் உள; ஆயின் ஐரிஷ் றெஜிமெந்துகளிற் சேர்ந்திருந்த பிற நாட்டாரும் அதனுள் அடங்குவர். இலண்டனில் 1921 இல் 80 பாகங்களாக அச்சிட்ட பட்டியலோ சேவையிலிருக்கையில் இறந்தாரையே கருதியது. விலகிய பின் இறந்தாரைத் தேடுவார்க்கு இவ்விரண்டு ஏடுகளும் போதா.

ஏடுகளைவிட்டு மூலப் பத்திரங்களை நாடுவோமாயின் இரண்டு பெருந்தீக்கள் வழிமறிக்கின்றன. ஒன்று, 1922 ஜூனில் உள்நாட்டுப் போரின் தொடக்கத்திலே டப்ளின் நீதிமன்ற வளவிலிருந்த அரச ஆவணக் களரியை அழித்தது. பழைய குடிசனக் கணக்குகளும், மரண சாசனங்களும், தேவாலயப் பதிவேடுகள் பலவும் அதனுள் மாண்டன. மற்றொன்று, 1940 செப்டெம்பரில் இலண்டன் மீது வீசப்பட்ட குண்டுகளால் மூண்டது. சிப்பாய்களின் சேவைப் பத்திரங்களில் ஏறக்குறைய 60 சதவீதம் அதனில் அழிந்தது. எஞ்சியவற்றுட் பல கருகியும் நீரில் நனைந்தும் கிடந்தன.

எனினும் யாவும் அழிந்துவிடவில்லை. நோயினாலோ காயத்தினாலோ விலக்கப்பட்டு இளைப்பாற்றுச் சம்பளம் வேண்டியோரின் பத்திரங்கள் வேறொரு திணைக்களத்தில் இருந்தமையால் ஒரு பகுதி தப்பியது. போரில் மடிந்தானுடைய பத்திரம் எரிந்துபோக, நோயாளியாய் வீடு திரும்பினானுடைய பத்திரம் பிழைத்தமை ஒரு விந்தையே. உதவித்தொகை அட்டைகள் 60 இலட்சத்துக்கு மேற்பட்டவை, அழிக்கப்படவிருந்த வேளையில், 2012 இல் வரலாற்று ஆர்வலர் சங்கம் ஒன்றினாற் காப்பாற்றப்பட்டன. வெள்ளி யுத்தச் சின்னத்தின் பதிவேடும் உண்டு. நோயினால் விலகிச் சாதாரண உடையில் திரிந்த இளைஞரை, படைக்குப் பயந்து ஒளித்தவர் என்று வீதியிற் பழித்தோர் இருந்தமையால், 1916 செப்டெம்பர் முதல் அச்சின்னம் வழங்கப்பட்டது. சேர்ந்த நாள், விலகிய நாள், விலகியது காயத்தாலா நோயாலா என்பன அப்பதிவேட்டிற் காணப்படும்.

அயர்லாந்தின் பக்கத்திலே, 1864 முதல் நடந்துவரும் பிறப்பு, இறப்புப் பதிவுகள் வேறிடத்தில் இருந்தமையால் டப்ளின் தீக்குத் தப்பின. 1901, 1911 ஆம் ஆண்டுகளின் குடிசனக் கணக்குகளும் உள. இவை இன்று எவரும் கட்டணமின்றிப் பார்க்கத்தக்கனவாய் இணையத்தில் ஏற்றப்பட்டுள்ளன.

இவற்றை இணைத்துப் பார்க்கும் விதத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். டப்ளின் நகரத்துக் கூலியாள் ஒருவன் 1915 இற் படையிற் சேர்ந்து, 1917 இற் சயரோகத்தினால் விலக்கப்பட்டு, 1919 இல் இறந்தான் என்று கொள்வோம். சின்னப் பதிவேடு அவனுடைய படை இலக்கத்தையும் விலகிய நாளையும் தரும். அவ்விலக்கத்தைக் கொண்டு உதவித்தொகைப் பத்திரத்தைத் தேடினால் நோயின் பெயரும், அது சேவையினால் வந்ததென வைத்தியர் ஒப்பியதும், வீட்டு முகவரியும், மனைவி மக்கள் பெயரும் வெளிப்படலாம். அப்பால் மரணப் பதிவை நோக்குவோம். அதில் இறந்தவனின் வயது, தொழில், விவாகமானவனா என்பது, நோய், நோய் நீடித்த காலம், அறிவித்தவர் பெயர் என்பன இருக்கும். விலக்கப்பட்ட நோயும் கொன்ற நோயும் ஒன்றாயின் வாதத்தின் முக்கிய பகுதி நிறைவேறிற்று.

ஆயின் அவசரம் ஆகாது. ஐரிஷ் மரணப் பதிவில் இறந்தவனின் தந்தை தாயார் பெயர் இராது. ஒரே பெயருடையார் ஒரு தெருவிலேயே பலர் இருப்பர்; வயதும் பதிவுக்குப் பதிவு மாறும். ஆதலின் பெயரும் வயதும் ஒத்தமை மாத்திரம் சான்றாகாது. முகவரி ஒத்தல் வேண்டும். அன்றேல் மரணத்தை அறிவித்த மனைவியோ சகோதரியோ உதவித்தொகைப் பத்திரத்திலும் 1911 ஆம் ஆண்டுக் கணக்கிலும் காணப்படுதல் வேண்டும். வறியோர் விடுதியின் வைத்தியசாலையில் இறந்தானாயின் அறிவித்தவர் அங்குள்ள உத்தியோகத்தராகவே இருப்பர். அப்பொழுது வேலை இரட்டிப்பாகும். ஒருவனை இன்னொருவனாகக் கொண்டு கல் நாட்டுதல், கல்லே நாட்டாதிருத்தலிலும் பெரிய பிழை என்பதை மறத்தலாகாது.

சான்றுகள் திரண்டபின் அவற்றை ஆணைக்குழுவின் முன் வைத்தல் வேண்டும். 2007 முதல் தொண்டர் குழு ஒன்று இவ்வாறு ஆயிரக்கணக்கான விடுபட்ட பெயர்களை ஆராய்ந்து அனுப்பி வந்துள்ளது. பெயர் ஏற்கப்பட்டால், மயானப் புத்தகத்தின் துணைகொண்டு புதைத்த இடம் காணப்படும். டப்ளினிலுள்ள கிளாஸ்நெவின் மயானத்தில் அடையாளமின்றிக் கிடந்த வீரர் பலர்க்கு இந்நூற்றாண்டிலே கற்கள் நாட்டப்பட்டன. 2014 ஜூலை 31 இல் அங்கு நினைவுச் சிலுவையும் திறந்துவைக்கப்பட்டது. புதைத்த இடம் அறியப்படாத பலரின் பெயர்கள் இங்கிலாந்திலே புறூக்வூட் நினைவுச் சின்னத்தில் இடம்பெறுகின்றன.

இத்தனை காலம் இவர்கள் மறக்கப்பட்டதற்குக் கடதாசி எரிந்தமை மாத்திரம் காரணமன்று. அவர்கள் புறப்பட்ட நாடு வேறு. திரும்பிய நாடு வேறு. 1916 இல் டப்ளினில் எழுச்சி நிகழ்ந்தது; 1919 முதல் 1921 வரை சுதந்திரப் போர் நடந்தது. பிரித்தானிய உடை அணிந்த மகனைப் பற்றிப் பேச வீட்டார் கூசினர். தென் அயர்லாந்தின் ஐந்து பழைய றெஜிமெந்துகளும் 1922 இற் கலைக்கப்பட்டமையால் விசாரிப்பதற்கு ஒரு படைமுகாமும் இல்லாதொழிந்தது. ஆயினும் மனித வாழ்வு கட்சிக் கோடுகளுக்குள் அடங்குவதன்று. 1918 இற் புரிந்த வீரச்செயலுக்காக விக்டோரியாச் சிலுவை பெற்ற மாட்டின் டொயில் என்பார், படையை விட்டபின் ஐரிஷ் விடுதலைப் படைக்கு உதவி, அப்பால் புதிய அரசின் சேனையிலும் பணிபுரிந்து, 1940 இல் இறந்து, டப்ளினில் பிரித்தானியர் அமைத்த கிறாஞ்கோர்மன் படை மயானத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர்க்குப் புகழ் இருந்தது, பெயர் தப்பியது. புகழில்லாதவனுக்கோ ஒரு மரணப் பதிவும் ஓர் உதவித்தொகை அட்டையுமே துணை.

நம் மாணவர் இதனின்றும் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. வரலாறு என்பது வேந்தரும் தளபதியரும் செய்த காரியங்கள் மாத்திரமன்று. யாரோ ஒரு பதிவுகாரர் சோம்பலின்றி எழுதிவைத்த ஒரு வரி, நூறாண்டு கழிந்தபின் ஓர் ஏழைச் சிப்பாயின் பெயரைக் கல்லில் ஏற்றுகின்றது. எழுதுவோர் செம்மையாய் எழுதுக. காப்போர் கருத்தாய்க் காக்க. தேடுவோர் பொறுமையாய்த் தேடுக. இம்மூவர் உழைப்பும் ஒருங்கு கூடும்பொழுதே இறந்தான் ஒருவன் முழுவதும் இறவாதிருக்கின்றான்.